மருந்து எடுப்பவர்கள் வேலையிடப் போதைப்பொருள் பரிசோதனைக்குப் போகும்போது: முதலில் கடிதம், பிறகு சிறுநீர்

டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு போய் மருந்து எடுப்பவரா நீங்கள்? கொழும்பில் செக்யூரிட்டி, லொறி ஓட்டுவது, ஹோட்டல், கப்பல், வளைகுடா என்று எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் ஒருநாள் சின்ன பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைக் கையில் தந்து "யூரின் எடுத்துட்டு வாங்க" என்று சொல்ல இடமிருக்கிறது. வலிப்புக்கும் காசநோய்க்கும் பிரஷருக்கும் கொடுக்கும் மருந்துகளில் சில அந்தப் பரிசோதனையில் போதைப்பொருளாகவே தெரியும். மாதிரியைக் கொடுக்கும் முன்பே டொக்டர் கடிதத்தைக் காட்டி மருந்தைச் சொன்னவரை ஆய்வுகூடம் ஒரு விதமாக நடத்தும். முடிவு வந்த பிறகு "ஐயோ, நான் மருந்து எடுக்கிறனே" என்று சொன்னவரை வேறு விதமாக நடத்தும். கீழே உள்ள வேலைகளில் பாதி, கோப்பை கைக்கு வரும் முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

1. உங்கள் மருந்து எந்தக் கட்டத்தில் விழும் என்று பாருங்கள்

வேலையிடங்களில் முதலில் பயன்படுத்துவது சிறுநீரில் தோய்க்கும் கிட். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம் இருக்கும்: கஞ்சா, மோர்பின் வகை, அம்பெட்டமின், மெதம்பெட்டமின் (ஐஸ்), பென்சோடயசிபீன், பார்பிட்டுரேட். எத்தனை கட்டம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். கிட் மூலக்கூறை அடையாளம் காண்பதில்லை, அதன் வடிவத்தை ஒத்த எதையும் பிடித்துக்கொள்ளும். குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

உண்மையாகவே காட்டும் மருந்துகள் முதலில். வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன் பார்பிட்டுரேட் கட்டத்தில் தெரியும். உடம்பை விட்டு மிக மெதுவாக வெளியேறும் மருந்து அது, நிறுத்தி இரண்டு வாரம் கழித்தும் தெரியலாம். டயசிபாம் பென்சோடயசிபீன் கட்டத்தில் விழும். நீண்டகாலம் எடுத்தவருக்கு வாரக்கணக்கில் தெரியும். குளோனசிபாமும் அதே குடும்பம்தான், ஆனால் பல கிட்கள் அதைத் தவறவிடும். "போன முறை ஒன்றும் வரவில்லை" என்று நம்பி அடுத்த முறை எழுதாமல் விட வேண்டாம், வேறு கிட் பிடித்துவிடும். கோடீன் கலந்த வலி மாத்திரையையும் கோடீன் உள்ள இருமல் பாணியையும் உடம்பு ஓரளவு மோர்பினாகவே மாற்றுகிறது. இரண்டு மூன்று நாள் மோர்பின் கட்டத்தில் தெரியும். டிரமடோல் சாதாரண மோர்பின் கட்டத்தில் பெரும்பாலும் தெரியாது. அதற்கென்று தனிக் கட்டம் வைத்த கிட்டில் தெரியும்.

அடுத்தது பொய்யாகக் காட்டும் மருந்துகள். இவற்றில் போதை எதுவும் இல்லை, கிட்தான் ஏமாறுகிறது. காசநோய்க்கு ஆறு மாதம் எடுக்கும் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சில பரிசோதனை முறைகளில் மோர்பின் வகையாகக் காட்டும். அதோடு சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். மாதிரி எடுப்பவர் அந்த நிறத்தைப் பார்த்து "எதையோ கலந்திருக்கிறான்" என்று நினைத்த பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம், அதனால் நிறத்தைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். லெவோஃப்ளொக்சசின், ஓஃப்ளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்குகளும் மோர்பின் கட்டத்தில் ஏமாற்றும். கர்ப்பகால பிரஷருக்கான லபெட்டலோல், வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் தரும் புரொமெத்தசின், மனநல கிளினிக்கில் தரும் குளோர்ப்ரோமசின், தடிமன் மருந்தில் உள்ள சூடோஎபெட்ரின் ஆகியவை அம்பெட்டமின் கட்டத்தில் வரலாம். செர்ட்ரலின் பென்சோடயசிபீனாகத் தெரியலாம். வயிற்றெரிவுக்கான பன்டொப்ரசோல் கஞ்சாக் கட்டத்தில் வந்ததும் உண்டு.

மெட்ஃபோர்மின், லொசார்டன், தைரொக்சின், அட்டோர்வாஸ்டட்டின் எடுப்பவர்கள் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் பட்டியலில் எழுதுங்கள். பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அதை நம்புவார்கள்.

டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் உள்ளே போகும் சாமான்களும் உண்டு. மதன மோதகம் என்ற பெயரில் விற்கும் உருண்டைகளில் கஞ்சா சேர்வது தெரிந்த விஷயம், அது வந்தால் பொய் முடிவு இல்லை, மெய்யான முடிவு. தினமும் சாப்பிட்டவருக்கு வாரக்கணக்கில் தெரியும், எந்த டொக்டர் கடிதமும் காப்பாற்றாது. கசகசா விஷயத்தில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. நம் ஊர் ஃபலூடாவில் மிதக்கும் கறுப்புக் கசகசா துளசி வகை விதை, அதால் ஒன்றும் வராது. குருமாவுக்கு அரைக்கும் வெளிர்நிறக் கசகசா பொப்பி விதை, அதில் மோர்பின் எச்சம் இருக்கும். பரிசோதனைக்கு முந்திய மூன்று நான்கு நாள் அதைத் தவிருங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதைப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

2. மருந்தை நிறுத்தாதீர்கள்

தனித் தலைப்பு போட்டதற்குக் காரணம், வேலைக்கு ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட்மார் கொடுக்கும் முதல் அறிவுரையே "ரெண்டு நாளைக்கு மருந்தை விட்டுருங்க" என்பதுதான். பீனோபார்பிட்டோனையும் குளோனசிபாமையும் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பி வரும், முன்பைவிட மோசமாகவும் வரும். இரண்டு நாள் விட்டாலும் பீனோபார்பிட்டோன் சிறுநீரில் இருந்துகொண்டுதான் இருக்கும், ஆக வலிப்பும் வரும், முடிவும் பொசிட்டிவாகவே வரும். காசநோய் மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

3. கடிதம் எடுப்பது

இதற்குத்தான் காலம் அதிகம் செல்லும். கிளினிக் மாதத்துக்கு ஒரு நாள் என்றால், அந்த நாளைத் தவறவிட்டவருக்கு இன்னொரு மாதம் போய்விடும். எனவே வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும்போதே கடிதத்தையும் நினையுங்கள். ஐந்தாறு வாரம் கையில் இருந்தால் நிம்மதி.

கடிதத்தில் இருக்க வேண்டியவை:

அடையாள அட்டையில் உள்ளபடியே முழுப் பெயரும் அட்டை இலக்கமும். வெளிநாடு என்றால் கடவுச்சீட்டு இலக்கமும்.

மருந்தின் மூலப்பெயர், அளவு, நேரம். "பீனோபார்பிட்டோன் 60 மி.கி., இரவில் ஒன்று" என்பதுபோல. கம்பனிப் பெயர் மட்டும் எழுதினால் ஆய்வுகூடத்துக்குப் புரியாமல் போகலாம்.

எப்போது தொடங்கியது, இன்னும் தொடர்கிறதா என்பது.

இந்த மருந்து இன்ன பரிசோதனையில் பொசிட்டிவ் காட்டக்கூடும் என்ற ஒரு வரி. பலர் இதைக் கேட்காமல் விடுகிறார்கள், பிறகு மருந்தின் பெயரையும் கிட்டின் கட்டத்தையும் இணைத்துப் பார்க்க அங்கே ஆள் இருப்பதில்லை.

இந்த வேலையைச் செய்யத் தகுதியானவர், அல்லது இன்னின்ன வேலை வேண்டாம் என்ற ஒரு வரி.

திகதி, கையொப்பம், முத்திரை, இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம்.

உள்ளூர் வேலைக்கு நோயின் பெயரை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை, "நீண்டகால சிகிச்சைக்காக" என்றால் போதும். வெளிநாட்டுக்குப் பெயர் வேண்டும்.

கிளினிக்கில் வரிசை நீளம், டொக்டருக்கு உங்களுக்காக இருப்பது சில நிமிடம். மேலே சொன்னதை ஒரு தாளில் எழுதி, மருந்துப் பெயர்களைக் கொப்பியில் உள்ள எழுத்திலேயே பார்த்து எழுதி, உள்ளே போனவுடன் நீட்டுங்கள். "டொக்டர், வேலைக்கு யூரின் செக் பண்றாங்க, இந்த மருந்துக்கு ஒரு லெட்டர் வேணும்" என்றால் போதும். வாயால் நீட்டி முழக்கினால் "அடுத்த முறை வாங்க" என்று வந்துவிடும். கிளினிக் நாள் அல்லாத நாளில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால், உங்களைத் தெரியாத டொக்டர் எழுதத் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது.

தோட்ட டிஸ்பென்சரியில் ஈ.எம்.ஏ. (தோட்ட மருத்துவ உதவியாளர்) தரும் துண்டு அவசரத்துக்கு உதவும், ஆனால் மருத்துவ சபைப் பதிவு இலக்கம் கேட்கும் கம்பனிகளில் அது எடுபடுவதில்லை. அவரிடம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு அது நல்லது.

செலவு: அரசாங்க கிளினிக்கில் காசு இல்லை. போகும் நாளுக்குரிய பேர் (நாட்சம்பளம்) போய்விடும், பஸ் காசு போகும், அவ்வளவுதான். அதே ஸ்பெஷலிஸ்ட்டை வெளியே சனல் பண்ணிப் பார்த்தால் டொக்டர் கட்டணமும் ஆஸ்பத்திரிக் கட்டணமும் சேரும். கிளினிக் நாளுக்கு முன் பரிசோதனை வந்துவிட்டால் மட்டும் அந்த வழி. அப்போதும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அவரும் உங்களைப் புது நோயாளியாகத்தான் பார்ப்பார்.

4. ஃபைலில் என்ன வைப்பது

கடிதத்தின் மூலப்பிரதி உங்களிடமே இருக்க வேண்டும். கொடுப்பது பிரதிதான். மூன்று பிரதி எடுத்து, போனிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தினதும் கடைசி மூன்று மாதப் பக்கங்களினதும் பிரதி, வார்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் காட், பாமசியில் வாங்கியிருந்தால் பில்.

இங்கே இரண்டு குழி இருக்கிறது. முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, கிளினிக் கொப்பியில் நர்ஸ் காதில் விழுந்தபடி மூன்றாவது எழுத்து. தகப்பன் பெயர் முன்னால் வந்திருக்கும், அல்லது வராமலே இருக்கும். கம்பனி ஒபிஸில் இருப்பவருக்கு இது இரண்டு பேராகத்தான் தெரியும். அடுத்த கிளினிக்கில் அடையாள அட்டையைக் காட்டி, கொப்பியின் முதல் பக்கத்தில் அட்டை இலக்கத்தை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பெயரைத் திருத்துவதைவிட இலக்கத்தைச் சேர்ப்பது சுலபம், அதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, மருந்துக் கவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரையை எண்ணிக் கடதாசிக் கவரில் போட்டு "இரவு 1" என்று எழுதித் தருவார்கள். அந்தக் கவர் எதற்கும் சாட்சி ஆகாது. மருந்தின் பெயரும் உங்கள் பெயரும் ஒரே தாளில் இருக்கும் இடம் கிளினிக் கொப்பிதான். ஆகவே கொப்பி இல்லாமல் கவரை மட்டும் கொண்டுபோவது வீண்.

5. யாரிடம் சொல்வது

மாதிரி எடுப்பவரிடமோ கம்பனி டொக்டரிடமோ சொல்லுங்கள். சுப்பவைசரிடம் நோயைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "டொக்டரிடம் கொடுக்கக் கடிதம் இருக்கிறது" என்பது அவருக்குப் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகவே வைத்திருக்கிறது, ஆகவே அதைச் சொல்லத் தயங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சம்மதப் படிவத்தில் "தற்போது எடுக்கும் மருந்துகள்" என்று ஒரு இடம் இருக்கும். படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வாசித்துச் சொல்லக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்த இடம் சின்னதாக இருந்தால் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதிக் கடிதப் பிரதியைப் பின் பண்ணுங்கள். படிவத்தில் அப்படி ஒரு இடமே இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு ஒரு கையெழுத்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். தர மறுத்தால் எழுதிய படிவத்தைப் போனில் படம் எடுங்கள்.

சாரதிகளுக்கு ஒரு வார்த்தை. கடிதம் நீங்கள் போதைப்பொருள் எடுக்கவில்லை என்பதைத்தான் சொல்லும், இறம்பொடை வளைவுகளில் லொறி ஓட்டலாம் என்று சொல்லாது. தூக்கம் வரும் மருந்தென்றால் நேரத்தை மாற்ற முடியுமா, வேறு மருந்து உண்டா என்று டொக்டரிடம் கேளுங்கள். தடிமனுக்கு எடுக்கும் குளோர்பெனிரமின் பெரும்பாலும் எந்தக் கட்டத்திலும் வராமலே ஸ்டியரிங்கில் தூங்கவைக்கும்.

6. மாதிரி கொடுக்கும் நாள்

அன்று காலை மருந்தை வழக்கம்போல எடுங்கள். தண்ணீரும் வழக்கம்போலத்தான். பயத்தில் நாலு கோப்பை பிளேன்டீயும் ஒரு போத்தல் தண்ணீரும் குடித்துவிட்டுப் போனால் சிறுநீர் நீர்த்துவிடும். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியட்டினின் 20 மி.கி./டெசிலீற்றருக்குக் கீழே போனால் "நீர்த்த மாதிரி" என்று எழுதி, திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் போகும் மாத்திரை (ஃப்ரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட்) எடுப்பவர்களுக்கு இது தானாகவே நடக்கும், அதையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். முறையாகச் செய்யும் இடங்களில் நான்கு நிமிடத்துக்குள் சிறுநீரின் சூட்டைப் பார்ப்பார்கள். 32 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நுவரெலியாவில் டிசம்பர், ஜனவரி விடியலில் கழிப்பறையிலிருந்து மேசைக்கு வருவதற்குள் ஆறிவிடும். நேரே கொண்டுபோய்க் கொடுங்கள். மூடிக்கு மேலே ஒட்டும் சீலில் உங்கள் பெயரும் திகதியும் சரியா என்று பார்த்து, உங்கள் முன்னால் ஒட்டச் சொல்லுங்கள். ஒரே மேசையில் பெயர் எழுதாத பத்துக் கோப்பை இருந்தால், மரியாதையாகச் சொல்லிப் பெயர் எழுத வையுங்கள்.

7. கிட்டை வாசிப்பது

இதைச் சரியாக வாசிக்காமல் வேலை போனவர்கள் உண்டு. இந்தக் கிட்களில் கோடு வந்தால் நெகட்டிவ். கோடு வராவிட்டால்தான் பொசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனைக் கிட்டுக்கு இது நேர்மாறு, அதனால்தான் பழகாதவர்கள் தலைகீழாக வாசிக்கிறார்கள். மங்கலான கோடும் கோடுதான், நெகட்டிவ்தான். மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் கிட்டே பழுது, வேறொன்று போட வேண்டும். பெரும்பாலான கிட்களை 5 நிமிடத்தில் வாசிக்க வேண்டும். 10 நிமிடத்துக்குப் பிறகு பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது. சரியான நேரம் கிட்டோடு வரும் தாளில் இருக்கும். கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று எல்லை அளவு. மோர்பின் கட்டத்துக்கு மில்லிலீற்றருக்கு 300 நானோகிராம் எல்லை வைத்த கிட்டும் உண்டு, 2000 வைத்த கிட்டும் உண்டு. ஒரே ஆள், ஒரே இருமல் பாணி, ஒரு கம்பனியில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில் என்று வருவது இதனால்தான்.

8. பொசிட்டிவ் என்று சொன்னால்

அந்த இடத்திலேயே எதிலும் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். இராஜினாமாக் கடிதத்தை நீட்டினால் அதையும் தொடாதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றே: அதே மாதிரியை உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதை ஜி.சி.எம்.எஸ். அல்லது எல்.சி.எம்.எஸ். என்பார்கள். கிட்டைப்போல வடிவத்தைப் பார்த்து ஏமாறாமல் மூலக்கூறையே பிரித்து அடையாளம் காட்டும். ரிஃபாம்பிசினோ லபெட்டலோலோ காரணமென்றால் அங்கே போதைப்பொருள் எதுவும் இராது. பீனோபார்பிட்டோன் என்றால் பீனோபார்பிட்டோன் என்றே வரும், உங்கள் கடிதத்தோடு பொருந்தும். ஹெரோயின் எடுத்தவருக்கு 6-எம்.ஏ.எம். என்ற பொருள் தெரியும். கோடீன் எடுத்தவருக்கு அது ஒருபோதும் வராது. ஆனால் ஹெரோயினிலும் அது சில மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே 6-எம்.ஏ.எம். இல்லை என்பதோடு கோடீன் துண்டும் சேர்ந்தால்தான் வாதம் நிற்கும்.

கோரிக்கையை எழுத்தில், அன்றே கொடுங்கள். மாதிரியை எவ்வளவு காலம், எங்கே வைத்திருப்பீர்கள் என்றும் அதிலேயே கேளுங்கள். குளிர்ப்பெட்டியில் வைக்காமல் கொட்டிவிட்டால் பிறகு கேட்பதில் பலனில்லை. புது மாதிரி எடுத்து வேறு லெப்பில் செய்வது உதவலாம், ஆனால் "அது வேறு நாள் சிறுநீர்" என்பார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி பொருந்தும் வேலைகளில் 45 மில்லிலீற்றர் எடுத்து 30, 15 என்று இரண்டாகப் பிரித்து வைப்பார்கள். முடிவு சொன்ன 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது போத்தலைப் பரிசோதிக்கக் கேட்கலாம். அங்கே முதலாளிக்கு முடிவு போகும் முன் ஒரு டொக்டர் உங்களிடம் மருந்தைப் பற்றி விசாரிக்கவும் வேண்டும். அந்த அழைப்பு வந்தால் போனை எடுங்கள், தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதீர்கள்.

உறுதிப்படுத்தும் பரிசோதனை கிட்டைவிடப் பல மடங்கு விலை. யார் கட்டுவது என்பதை மாதிரி அனுப்பும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டி நெகட்டிவ் வந்தால் காசைத் திருப்பித் தருவார்களா என்பதையும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடமும் ஆய்வுகூடம் இருக்கிறது. அதன் இலவச ஆலோசனை இலக்கம் 1927.

9. வளைகுடாவுக்கு என்றால்

இங்கே பாஸ் ஆனது அங்கே செல்லுபடியாகாது. டிரமடோல், கோடீன், டயசிபாம், பிரிகபலின் போன்றவை ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதியிலும் கட்டுப்பாட்டு மருந்துகள். விமான நிலையத்தில் அவற்றை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றமாகலாம். அமீரகத்தில் மருந்து அனுமதிக்கான அரசாங்க இணையத்தளத்திலும், சவூதியில் உணவு மருந்து அதிகார சபையின் கட்டுப்பாட்டு மருந்துத் தளத்திலும் பயணத்துக்கு முன் விண்ணப்பிக்கலாம். கேட்பது டொக்டர் அறிக்கை, மருந்துத் துண்டு, கடவுச்சீட்டு. நோயின் பெயர் இங்கே கட்டாயம். டிக்கெட் போடும் முன் அனுமதி கையில் இருக்க வேண்டும்.

கடதாசிக் கவரில் உள்ள மாத்திரை இதற்கு உதவாது. பெயர் அச்சிட்ட அட்டையோடு பாமசியில் வாங்கி, பில்லோடு கைப்பையில் வையுங்கள். "அடுத்த வீட்டு அண்ணனுக்கு" என்று யாராவது மருந்துப் பார்சல் தந்தால் வாங்கவே வேண்டாம். ஏஜென்சி மருந்தை மறைக்கச் சொன்னால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழையுங்கள்.

10. வேலையை விட்டு நிறுத்திவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிட் முடிவின் பிரதி, நீங்கள் கொடுத்த கடிதம், உறுதிப்படுத்தக் கேட்ட கோரிக்கை மூன்றையும் சேர்த்து முதலில் லேபர் ஒபிஸுக்கோ யூனியன் பிரதிநிதியிடமோ போங்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க, வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான். "பேசித் தீர்ப்போம், கொஞ்சம் பொறுங்க" என்று கம்பனி இழுத்தடிக்கும்போதும் அந்த ஆறு மாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேச்சு நடக்கட்டும், விண்ணப்பத்தை ஐந்தாம் மாதத்துக்கு முன் போட்டுவிடுங்கள்.